டிக்கெட் வரிசையில் பூக் கேட்டவன்

எனக்குப் புடிச்சதா ஒன்னு பாத்து எடுங்கன்னு சொல்லிப்போட்டு என் சம்சாரம் துளசிமணி போய் அந்தப் பெஞ்சுல உக்காந்துட்டா. அவ சொன்னது சாதாரணமாத்தான், ஸ்வெட்டர் பித்தானைப் போட்டுக்கிட்டே சொன்னா, ஆனா கேட்டதுலருந்து எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அவளுக்குப் புடிச்சதா. வரிசை நகருது, நானும் நகர்றேன். முன்னால குடை வெச்ச ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், பின்னால பலூன் புடிச்ச ஒரு சின்னப் பாப்பாவும் அவ அம்மாவும், நடுவுல கோபிச்செட்டிபாளையம் மோட்டார் கடை சென்னியப்பன் நான். லண்டன்ல வந்து நிக்கறேன். சுத்தியும் நாடகக் கொட்டகைங்க, நடுவுல இந்தச் சின்னக் கடை, அன்னன்னைக்கு விக்காம மிச்சமிருக்கற சீட்டைக் கொறைச்ச வெலைக்குக் குடுக்குமாம். மேல ஒரு டிவி மாட்டியிருக்குது, அதுல நாடகத்துப் பேரா வந்து வந்து போகுது. ஒன்னைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துருது. எல்லாம் பாட்டு நாடகம், பேசறதையே பாடுவாங்களாம், பாடிக்கிட்டே ஆடுவாங்களாம். மக சிந்துஜா சொன்னது இது. அப்பா, ஊருக்குப் போறதுக்கு முந்தி அம்மாவைக் கூட்டிட்டு ரெண்டு நாள் லண்டன் போயிட்டு வாங்க, ரூமு ரயிலு எல்லாம் நான் போட்டுட்டேன், நாடகம் மட்டும் நீங்களா பாத்து எடுத்துக்குங்கன்னா. நீங்களான்னா நாங்க ரெண்டு பேருமா சேந்துன்னு நெனச்சேன். இவ இப்ப என்னை மட்டும் நிறுத்திப்போட்டுப் போயிட்டா. திரும்பிப் பாத்தேன், காலை நீட்டிப் புறாவைப் பாத்துட்டு உக்காந்திருக்கறா. என்னைப் பாக்கல. பாக்காத மாதிரி பாக்கறாளோ என்னமோ.

நாளன்னைக்கு எனக்கு விமானம். அவளுக்கும் சீட்டு இருக்குது, ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் போட்டது. பேத்தி பொறந்ததுக்குன்னு சிந்து இருக்கற லீட்ஸுக்கு வந்தவ, மாசம் மூணாச்சு, கூட்டிட்டுப் போகத்தான் நான் வந்தேன். வந்து எறங்குன அன்னைக்கே சிந்து ஆரம்பிச்சுட்டா, அம்மா இன்னும் மூணு மாசம் இருக்கட்டுங்கப்பா, விசாவுல நாள் கெடக்குது, சீட்டைத் தள்ளிப் போட்டுக்கலாமுன்னு. அம்மாவைக் கேட்டுக்கன்னேன். நேத்து ரயில்ல மெதுவா இவகிட்ட ஆரம்பிச்சேன், ஆரம்பிச்சேன்னா நேரா கேக்கல, சிந்து என்னமோ சொல்லுதேன்னேன். "யோசிச்சுச் சொல்றேனுங்க"ன்னா. யோசிக்கறாளாம். கல்யாணமாகி இத்தனை வருசத்துல யோசிச்சுச் சொல்றேன்னு இவ வாயில இருந்து நான் கேட்டதே இல்லை. சரிங்கம்பா, ஆகட்டுங்கம்பா, உங்க இஷ்டங்கம்பா. இப்ப வரிசைக்கு வந்ததும், நாடகம் என்னது பாக்கலாம்னு நான் கேட்டதுக்கு, எனக்குப் புடிச்சதா எடுங்கன்னா. இது பரிச்சையில்லாம வேற என்ன. இவருக்கு நம்மளைத் தெரியுதான்னு பாப்போம், தெரிஞ்சா போவோம், தெரியலைன்னா மககூட இருந்துக்குவோம். அப்படித்தான் நெனச்சிருக்கோணும். அப்படியெல்லாம் நெனைக்கற ஆளா அவ? தெரியலையே. இங்க வந்து அவ ஆளே மாறிக் கெடக்கறா. சேலைக்குக் கீழ ஷூ போட்டிருக்கறா. பஸ்ஸுக்குன்னு ஒரு அட்டை வெச்சிருக்கறா, அதைக் கம்முனு ஒரு தட்டுத் தட்டிப்போட்டு ஏறிப் போறா, நான் படிக்கட்டுல நின்னு டிரைவரைப் பாத்துத் திருதிருன்னு முழிச்சேன். நேத்து ரோட்டைத் தாண்டறப்ப கையை நீட்டி என்னை நிறுத்துனா. நான் அவளை நிறுத்துவேன், கோபி பஸ் ஸ்டாண்டுல எத்தனை தரம் நிறுத்தியிருக்கறேன். அவ கை என் நெஞ்சுல பட்டு நிக்குது, வண்டி போகுது, நான் அவ மொகத்தைப் பாக்கறேன், அவ சிகப்பு லைட்டைப் பாக்கறா. எனக்குப் பயமாப் போச்சு. இவ இங்க இருந்துக்குவா. என்ற துணையில்லாம இருந்துக்குவா. அங்க நான் கதவைத் தொறந்தா வீடு கம்முனு கெடக்கும். டிவியைச் சும்மா ஓட விட்டுட்டுத்தான் இந்த மூணு மாசமும் சோறு தின்னேன். அதை யாருகிட்டச் சொல்ல முடியும், பேத்தி பொறந்த சந்தோசத்துல இருக்கறவங்ககிட்டயா. தினம் போன்ல கேப்பா, கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணி ஊத்துனீங்களான்னு. ஊத்துனேம்பேன். அது காஞ்சு குச்சியாகிப் போச்சு. முதல் மாசமே போச்சு. அதையும் சொல்லல.

செவப்புச் சட்டை போட்ட ஒரு பொண்ணு வரிசையோட வந்துட்டே இருக்குது, கையில அட்டை. ஒவ்வொருத்தரா நிறுத்தி என்னமோ கேக்குது. என்கிட்ட வந்து இங்கிலீஷ்ல ஆரம்பிச்சு, என் மூஞ்சியைப் பாத்து நிறுத்தி, "அங்கிள், தமிழோ?"ன்னுச்சு. அட சாமி. சிலோன் தமிழு. ஆமாங்கம்மணின்னேன். சட்டையில பேரு குத்தியிருந்துச்சு, தர்ஷிகான்னு. எனக்கும் பெஞ்சுல இருக்கற வீட்டுக்காரிக்கும் சேத்து ரெண்டு சீட்டுன்னேன். "உங்கட மனுசிக்கு எப்பிடியான ஷோ விருப்பம்? சிரிக்கிறதோ, அழுறதோ?" கேக்கறது ஞாயமான கேள்விதான். என்ற கடைக்கு வர்றவங்களை நானும் இப்படித்தான் கேப்பேன், போர்க்கெணறு எத்தனை அடி, காடு எத்தனை ஏக்கரு, தண்ணி எந்த மட்டத்துல நிக்குது. மூணு கேள்விதான். அதுக்கு மேல ஆளு வாயைத் தொறக்க வேண்டியதில்லை, எந்த மோட்டாருன்னு நான் சொல்லிருவேன், வெச்சுப் பாத்துட்டு மனுசன் அடுத்த வருசம் மச்சானையும் கூட்டிட்டு வருவான். ஊரு ஆழமெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கறேன். இந்தப் பொண்ணு கேட்டதுக்கு மப்ளரை இழுத்து இழுத்துச் சுத்திக்கிட்டேன். அது பாவம், சிரிச்சுக்கிட்டே ரெண்டு நோட்டீஸைக் கையில குடுத்துச்சு. ஒன்னுல ஒரு கப்பலு, தொப்பி போட்ட சமையக்காரங்க கரண்டியோட ஆடறாங்க. "இது கப்பல் குசினிக்காரரின்ர கதை. நல்ல பகிடி, சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகும்." இன்னொன்னுல ஒரு பொம்பளை, மூஞ்சி தெரியல, முதுகுதான், கையில பெட்டி, முன்னால ரயிலு. "இது வீட்டை விட்டுட்டுப் போற ஒரு பொம்பிளையின்ர கதை. எல்லாரும் அழுதுகொண்டுதான் வெளியில வருவினம்." அப்புறம் ஒரு மாதிரி தயங்கி, "ரெண்டுக்கும் தனித்தனி சீட்தான் கிடக்கு அங்கிள். ஒராள் மேல, ஒராள் கீழ. பக்கத்துப் பக்கத்துச் சீட் எண்டால் பிள்ளையளுக்கான ஒட்டக ஷோ ஒண்டுதான் இருக்கு, பொம்மை ஒட்டகம்"னுச்சு. பொம்மை ஒட்டகமெல்லாம் வேண்டாங்கம்மணி, பெரியவங்க பாக்கறதாவே எடுத்துக்கறேன்னேன். யோசிச்சு வையுங்கோன்னு அது அக்கட்டப் போயிருச்சு. எல்லாரும் என்னை யோசிக்கச் சொல்றாங்க.

சிரிக்கிறதா, அழுவறதா. இவ எப்பச் சிரிப்பா? சிரிக்காம எங்க, சிரிப்பா. ஒறம்பரை வந்தா சிரிச்சுட்டே வாங்கம்பா. அதை நான் சிரிப்புன்னு நெனச்சுட்டு இருந்தேன். போன வாரம் சிந்து வீட்டு மாடிப்படியில எறங்கி வர்றப்ப அடுப்படியில ஒரு சிரிப்புச் சத்தம். யாரோ வந்திருக்கறாங்கன்னு நெனச்சேன். பாத்தா இவ. பக்கத்து வீட்டுப் போலந்துக்கார அம்மா ஒன்னு வருது, அதுக்குத் தமிழ் வராது, இவளுக்கு அது பாசை வராது, ரெண்டு பேரும் ஒரு முட்டைக்கோசைப் புடிச்சுட்டு நிக்க மாட்டாம சிரிக்கறாங்க. கண்ணுல தண்ணி வந்து முந்தானையில தொடைக்கறா. என்னத்துக்குச் சிரிச்சாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நான் படியிலயே நின்னுட்டேன். உள்ள போனா நிறுத்திருவாளோன்னு தோணுச்சு, அது ஏன் அப்படித் தோணோணும், நான் என்ன பூச்சாண்டியா. ஆனா தோணுச்சு. அப்படின்னா கப்பலை எடுத்தர்லாம், சிரிப்பா. சிரிச்சு, இந்த ஊரு நல்லாருக்குதுன்னு இங்கயே இருந்துக்கறேன்னுட்டா? பெட்டிக்காரியை எடுத்தா? அழுவா. அழுதா வீட்டு ஞாபகம் வருமா? அந்தப் பொம்பளையே வீட்டை விட்டுல்ல போறா. அதைப் பக்கத்துல உக்காந்து கூடப் பாக்க முடியாது, ஒராள் மேல ஒராள் கீழயாம், கீழ நான் உக்காந்திருப்பேன், மேல இருட்டுல இவ தனியா உக்காந்து, அட, கெளம்பிப் போறது இத்தனை சுளுவான்னு பாத்துட்டு இருப்பா. ஐயோ வேண்டாம். கப்பல்தான். கப்பல்லயும் மேல கீழதான். மனுசன் லண்டன் வந்து பொண்டாட்டியைத் தனியா உக்கார வெச்சுப் போட்டுச் சிரிக்கறதா. முன்னால இருந்த குடைக்காரர் ரெண்டு எட்டு நகந்துட்டார். எனக்கு வேர்க்குது, இந்தக் குளுருல.

வீட்ல இருந்தா இந்தப் பாடே இல்லை. பூக் கேட்டிருப்பேன். எங்க குலசாமி கோயில்ல எதுக்கும் பூக் கேட்டுத்தான் பண்றது. பூசாரி வெள்ளரளி ஒன்னு, செவ்வரளி ஒன்னு, ரெண்டையும் தனித்தனியா இலையில மடிச்சுச் சாமி காலடியில போடுவாரு, ஒரு சின்னக் கொழந்தையைக் கூப்புட்டு ஒன்னை எடுக்கச் சொல்லுவாரு. வெள்ளை வந்தா காரியத்தைப் பண்ணு, செவப்பு வந்தா விட்டுரு. அவ்வளவுதான், அப்புறம் பேச்சே கெடையாது. கடை போட்டது பூக் கேட்டு. போர் ஓட்டுனது பூக் கேட்டு. சிந்துவை இத்தனை தூரம் படிக்க அனுப்புனதும் பூக் கேட்டுத்தான். துளசியே பூக் குடுத்த பொண்ணு. எங்கம்மா போய்க் கேட்டப்ப மொதல் எடுப்புலயே வெள்ளை வந்துச்சாம், அதை வந்தவங்க போனவங்ககிட்டயெல்லாம் சொல்லுவா. பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு நான் பண்ணுன கூத்துக்கு எந்த வீட்லயும் பொண்ணு குடுத்திருக்க மாட்டாங்க. எல்லாரும் கூடத்துல உக்காந்து பேசிட்டு இருக்கறாங்க, தோட்டத்துல மோட்டாரு ஓடற சத்தம் சரியில்லை, பேரிங் போயி கறகறங்குது. எனக்கு உக்காந்திருக்க முடியல. எந்திரிச்சுப் போயி மேல்மூடியைக் கழட்டி, கையை உட்டு, வந்தப்ப வெள்ளைச் சட்டையெல்லாம் கிரீஸு. அந்தக் கையோடதான் காப்பி டம்ளரை வாங்குனேன். பொண்ணு மூஞ்சியைக்கூட நிமுந்து பாக்கல, வெக்கக்கேடு. வர்ற வழி முச்சூடும் கூட வந்த மாமா திட்டுனாரு, மோட்டாருக்கே தாலி கட்டுடான்னு. அப்புறமும் அவங்க குடுத்தாங்கன்னா அது பூவோட வாக்குத்தான். பூவை மீறி நான் ஒன்னு பண்ணுனதில்லை. அதுதான் இப்பச் சிக்கல். ஏன்னா இங்க கெளம்பறதுக்கு மொத நாளு கோயிலுக்குப் போனேன். துளசியைக் கூட்டிட்டு வரப்போறேன், உத்தரவு குடு சாமின்னு கேட்டேன். பூசாரி பேத்திதான் எடுத்துச்சு. செவப்பு. பூசாரி பொட்டலத்தை என் கையில குடுத்து, இந்தத்தரம் வேண்டாங்குது, அம்மா அங்கயே கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுங்கன்னாரு. சரிங்கன்னேன். அந்தப் பூவை விமானத்துல வர்ற வரைக்கும் சட்டைப் பையிலயே வெச்சிருந்தேன். சாமியே இருக்கட்டுங்குது, மகளும் இருக்கட்டுங்குது, இவளும் யோசிக்கறா. நான் ஒருத்தன் வான்னு சொன்னா அது எந்த ஊரு ஞாயம்.

கைக்கு வேலை வேணும்னு நோட்டீஸைக் கிழிச்சேன்போல. பாத்தா கப்பல் படம் ஒரு துண்டு, பெட்டிக்காரி முதுகு ஒரு துண்டு. சரி, இதையாவது கேட்டுப் பாத்தர்லாம். ரெண்டையும் ஒரே அளவா மடிச்சேன், எது எதுன்னு எனக்கே தெரியக்கூடாதுன்னு உள்ளங்கையில போட்டுக் குலுக்குனேன். சின்னக் கை எடுக்கோணும். பின்னால திரும்பிப் பலூன் பாப்பாவைப் பாத்து ஈன்னு சிரிச்சேன். அதும் சிரிச்சுச்சு. கையை நீட்டுனேன். அவங்கம்மா புள்ளையைப் பின்னால இழுத்துக்கிட்டு என்னை மேலயும் கீழயும் பாத்தா. பாக்காம என்ன பண்ணுவா, வயசான ஒரு ஆளு கோட்டும் மப்ளருமா நின்னு கசங்குன காயிதத்தைக் கொழந்தைகிட்ட நீட்டுனா யாருதான் பாக்க மாட்டா. சாரி, சாரின்னு கையை மடக்கிட்டுத் திரும்பறேன், துளசி பக்கத்துல நிக்கறா. எப்ப எந்திரிச்சு வந்தான்னு தெரியல. "என்னத்தைங்க மடிச்சு வெச்சிருக்கீங்க?"ன்னா. ஒன்னுமில்லைன்னேன். "பூவா?"ன்னா. "நாடகத்துக்காங்க பூக் கேக்கறீங்க?"ன்னு கேட்டுப்போட்டு வாயை முந்தானையில பொத்திக்கிட்டா. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. "நீதான புள்ள சொன்ன, உனக்குப் புடிச்சதா எடுக்கோணும்னு? எதுன்னு நான் என்னத்தைக் கண்டேன்? உனக்குச் சிரிக்கோணுமா அழுவோணுமா? அந்தப் பொண்ணு கேக்குது, எனக்கு ஒரு எழவும் தெரியல." அவ என்னையே பாத்தா. அப்புறம் சொன்னா, "எனக்குக் காலு வலிச்சுதுங்க. நீங்க எதாவது ஒன்னு எடுப்பீங்க, அதுவரைக்கும் உக்காரலாமுன்னு சொன்னேன். இங்கிலீஷ்ல பாடறதுல எனக்கு எது புரியப் போகுது, எதா இருந்தா என்ன." காலு வலிச்சுதாம். அப்ப நான் இத்தனை நேரம் எழுதுன பரிச்சை யாரு வெச்சது?

கடை சன்னல் கிட்டத்துல வந்துருச்சு. குடைக்காரர் குனிஞ்சு பேசிட்டிருக்கறார். துளசி என் உள்ளங்கையை விரிச்சு அந்த ரெண்டு காயிதத்தையும் பாத்தா, பிரிக்கல. "ஒன்னு சொல்லட்டுங்களா. நம்ம கல்யாணத்துக்கு எங்கப்பாவும் பூக் கேட்டாரு. உங்களுக்குத் தெரியாது. எங்களுக்குச் செவப்பு வந்துச்சு." வெள்ளையில்லை? எங்கம்மா சொன்னது? "அது உங்க பக்கம். எங்க கோயில்ல செவப்பு. அப்பா வேண்டாம்னு சொல்லியனுப்பக் கெளம்பிட்டாரு. நான்தான் அவரு செருப்பை எடுத்து ஒளிச்சு வெச்சுட்டு, கட்டிக்கறது பூவா நானான்னு கேட்டேன். அதுக்கு முந்தி அவரை எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்லை. அன்னைக்கு அடி வாங்கியிருப்பேன், தோட்டத்துல வேலை பாத்த பாட்டாளிக நின்னதுனால தப்பிச்சேன்." ஏன்னேன். ஏன் புள்ள அப்படிக் கேட்டன்னேன். "எல்லாரும் சீரு செனத்தி பேசிட்டு இருந்தாங்க. நீங்க ஒருத்தருதான் எங்க மோட்டாரு கத்தறதைக் காது குடுத்துக் கேட்டீங்க. அப்புறம் அந்தக் கிரீஸு கையைப் பின்னால ஒளிச்சு ஒளிச்சுக் காப்பி வாங்குனீங்களே." சிரிச்சா. ஒறம்பரை சிரிப்பில்லை, அந்த முட்டைக்கோசு சிரிப்பு. நான் அந்தச் சட்டையை அடுத்த நாளே அடுப்புல போட்டேன். இத்தனை வருசமா அந்த அசிங்கத்தை யாரும் பேசிரக்கூடாதுன்னு இருந்தேன். இவ அதைப் பாத்துட்டா வந்தா? பூவு வேண்டான்னும் வந்தாளா? அப்ப இவளை யாரும் எனக்குக் குடுக்கல, இவதான் என்னை எடுத்திருக்கறா. வாயில வந்துருச்சு, நிறுத்த முடியல. "நானும் கேட்டேன் துளசி. கெளம்பறதுக்கு முந்தி. உன்னையக் கூட்டிட்டு வரலாமான்னு. செவப்புத்தான் வந்துச்சு. நீ இங்க இருக்கோணுமாம்." அவ ஒன்னும் பதறல. "பூவு சொன்னதைச் சொல்லீட்டீங்க. சிந்து சொன்னதையும் நேத்துச் சொன்னீங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்னை ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை. முன்னால குடைக்காரர் பையில டிக்கெட்டை வெக்கறார், நகரப் போறார், பின்னால பாப்பா பலூனை விட்டுட்டு அழுவுது, டிவியில பேரு ஓடிட்டே இருக்குது. நான் தரையைப் பாத்துட்டுச் சொன்னேன், "வா புள்ள, போலாம். நீயில்லாம வீட்ல இருக்க முடியல. டிவியைப் போட்டுட்டுச் சோறு திங்கறேன். கறிவேப்பிலைச் செடி செத்துப்போச்சு. தினம் ஊத்துனேன் ஊத்துனேன்னு பொய்தான் சொன்னேன்."

நிமுந்தா அவ கண்ணு ரெண்டும் நெறைஞ்சு நிக்குது. திட்டப்போறான்னு நெனச்சேன். அவ என் கையில இருந்த ரெண்டு காயிதத்தையும் எடுத்துப் பக்கத்துக் குப்பைத்தொட்டியில போட்டா. "எப்பச் செத்துது?"ன்னா. மொத மாசமேன்னேன். "அப்பவே நெனச்சேன்"னா. மூக்கை உறிஞ்சுனா, முந்தானையை இழுத்துச் சொருகுனா. "சரி. போய் வேற ஒன்னு வெச்சுக்கலாம். ஆடி மழைக்கு முந்தி வெச்சுட்டா புடிச்சுக்கும்." அவ சொன்னதுல எனக்குப் போய்ங்கற ஒரு வார்த்தைதான் காதுல நின்னுச்சு. குடைக்காரர் நகந்துட்டார். சன்னலுக்குள்ள இருந்த வெள்ளைக்காரப் பொண்ணு எந்த நாடகம்னு கேட்டுச்சு, எனக்குப் பேரு ஒன்னும் நெனப்பு வரல. கையை ஒட்டகத்தாட்டம் வளைச்சுக் காட்டுனேன், திமிலையும் காட்டுனேன், அதுக்குப் புரிஞ்சுருச்சு. பக்கத்துல துளசி குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறா. எத்தனை பேருன்னு கேட்டதுக்கு ரெண்டுன்னேன். பக்கத்துப் பக்கத்துலன்னு சொல்லோணும், அதுக்கு இங்கிலீஷ் வரல. ரெண்டு விரலை நீட்டி, எடைவெளி இல்லாம ஒன்னோட ஒன்னு ஒட்ட வெச்சு, கண்ணாடிக்குப் பக்கத்துல கொண்டுபோய்க் காட்டுனேன்.